அடகு போன யாழும் அடகு போன இராகமும்

விற்றல் வேறு, அடகு வைத்தல் வேறு. விற்ற பொருளின்மீது நமக்குள்ள உரிமை அன்றோடு அற்றுப் போகிறது. அடகு வைத்த பொருளோ பிறர் பெட்டியில் இருப்பினும் நம்முடையதே. கோவலன் மதுரைக்குக் கொண்டு சென்றது விற்பதற்குரிய சிலம்பு. மீட்கும் எண்ணத்தோடு பிரிந்த பொருள்களைப் பற்றியும் நம் முன்னோர் பாடியுள்ளனர்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் அச்சேற்றிய புறநானூற்றில் 316-ஆம் பாட்டு, மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் பாடியது. பாணன் ஒருவன் தன் தலைவனைப் பற்றிக் கூறுவதாக அமைந்தது. தலைவன் செல்வனல்லன், அவன் வீட்டு முற்றம்கூடச் செம்மை செய்யப்படாமல் கிடக்கிறது. முந்தின நாள் வந்த விருந்தினர்க்காகத் தன் பழைய வாளை அடகு வைத்துவிட்டான். இன்றைக்கோ சிறிய யாழே பணையம். வீரனுக்கு வாளும் பாணனுக்கு யாழும் வெறும் உடைமைகள் அல்ல. அவர்தம் தொழிலும் பெயரும் அவையே. ஆயினும் பாணன் தலைவனை இகழ்ந்தானில்லை. பகைவேந்தன் இடர்ப்படும் நாளில் தலைவன் குறைவறக் கொடுப்பான் என்றே நம்புகிறான். விருந்தோம்ப வைத்த அடகு இழிவாகாது என்பதை இப்பாட்டால் உணர்கிறோம்.

நாம் குடியேறி வாழும் இக்குஜராத் மண்ணிலும் இதற்கிணையான கதையொன்று வழங்குகிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஜுனாகத்தில் வாழ்ந்த பக்தர் நரசிம்ம மேத்தா, பணமுடை நேர்ந்தபோது கேதாரோ என்னும் தம் இராகத்தையே வணிகர் ஒருவரிடம் அடகு வைத்தாராம். கடன் தீருமளவும் அதைப் பாடுவதில்லை என்று வாக்களித்தார். இராகத்தைப் பெட்டியில் இட்டுப் பூட்ட இயலுமா? கொடுத்த சொல்லே பூட்டு. மன்னன் மாண்டலிகன் அவரது பக்தியைச் சோதித்த இக்கட்டிலும் அவர் சொல் தவறவில்லை. கண்ணனே அவருருவில் சென்று கடனை அடைத்து இராகத்தை மீட்டான் என்பர்.

அடகிற்குத் தவணை உண்டு. தவணை தவறின் பொருள் முழுகிப் போகும். பிழைப்பை நாடி வந்த நாம் தமிழை விற்றுவிடவில்லை. ஆயினும் நம் குழந்தைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசியும், பாட்டி எழுதும் கடிதத்தைத் தாமே படிக்க அறியார். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்களை அருகிலமர்த்தி எழுத்தறிவித்தால் போதும். தவணை கடப்பதற்குள் நம் பொருளை மீட்டவர்களாவோம்.