லெகோ அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?

லெகோ சேகரிப்புக்குத் தனி அறை ஒதுக்குகிறவர்கள் முதலில் அலமாரியை அளப்பார்கள். நான் ஜன்னலைப் பாருங்க என்பேன். காரணம், கட்டைகளின் வரலாறு.

டென்மார்க்கின் பில்லுண்டில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் தொடங்கிய நிறுவனம் 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு வந்தது. உள்ளே குழாய் வைத்து இறுகப் பிடிக்கும் இன்றைய வடிவத்துக்கு அவர் மகன் காட்ஃபிரட் காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28. ஆனா அப்பவும் பொருள் செல்லுலோஸ் அசிடேட்தான். அது நாளடைவில் நெளிஞ்சுடும். நெளிஞ்ச கட்டை பக்கத்துக் கட்டையோடு ஒட்டாது. 1963-இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கினார்கள். அதுவும் முழு யோக்கியம் இல்லை; வெயில் பட்டா வெள்ளை மஞ்சளாயிடும். எங்க வீட்டு மேற்கு ஜன்னலடியில் நின்ற வெள்ளைச் சுவருக்கு அதுதான் ஆச்சு.

ஆகவே நிறவாரியாகப் பிரிக்கும் முன் வருஷவாரியாகப் பிரியுங்கள். 1963-க்கு முந்தியவை வெயில் ஏறாத உள்சுவர் ஓரம்.