ஓடை வந்த வகுப்பறை

2008 செப்டம்பரில் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம் ஒரு பாடத்தைத் தொடங்கியது. கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 பேர். அதே பாடத்தை இணையத்தில் காசில்லாமல் படிக்க வந்தவர்களோ 2,200 பேருக்கும் மேல். இத்தனை பேர் எழுதுவதை எங்கே வாங்கி வைப்பது? பாடத்தை நடத்திய ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கி வைக்கவில்லை. மாணவர்களில் பலர் அவரவர் வலைப்பதிவிலேயே எழுதி, பாடத்தின் குறிச்சொல்லை மட்டும் சேர்த்தார்கள். டவுன்ஸ் எழுதிய நிரல் ஒன்று அந்தப் பதிவுகளின் ஓடைகளைப் படித்து, குறிச்சொல் இருந்தவற்றைப் பொறுக்கியெடுத்து, நாள்தோறும் மடலாக அனுப்பியது.

ஓடை என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, முகவரி, சுருக்கம், தேதி என்று அடுக்கியிருக்கும். ஓடைகளைப் படிக்கும் நிரலுக்குத் திரட்டி என்று பெயர். அது அவ்வப்போது அந்தக் கோப்பை எட்டிப் பார்த்து, புதிதாகச் சேர்ந்ததை எடுத்துவரும். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டியின் வழியாகத் தமிழ் வலைப்பதிவுகள் படித்தவர்களுக்குத் திரட்டி என்ற சொல் பழக்கமானது.

ஓடைக்கான ஆர்எஸ்எஸ் என்ற வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்.வி.குகா, சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அடுத்த ஆண்டு வந்த 1.0 வடிவை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14, பள்ளிக்கூடத்துப் பிள்ளை!

வகுப்பறைக்கு ஓடையைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி வில் ரிச்சர்ட்சன், நியூ ஜெர்ஸியின் ஹண்டர்டன் சென்ட்ரல் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். முப்பது பிள்ளைகள் முப்பது பதிவுகளில் எழுதினால், யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று ஆசிரியர் முப்பது கதவையும் தட்டியாக வேண்டும். திரட்டி இருந்தால் புதிதாக எழுதியது மட்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். மாணவருக்கும் அது பயன்பட்டது. ஆய்வுக்கு எடுத்த தலைப்பை ஒரு செய்தித் தேடலாக்கி, அந்தத் தேடலின் ஓடையைச் சேர்த்துவிட்டால், அந்தத் தலைப்பில் வரும் செய்தியெல்லாம் தானே வந்து சேரும். வந்ததில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று பிரிப்பதுதான் உண்மையான பாடம். பாடநூல் மட்டும் கையிலிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை. ரிச்சர்ட்சன் இதையெல்லாம் ஆசிரியர்களுக்காக எழுதிய நூல் 2006-இல் வெளிவந்தது.

2005 அக்டோபரில் கூகுள் ரீடர் என்ற திரட்டி வந்தபின் ஓடை படிப்பது இன்னும் எளிதானது. நல்ல கட்டுரை கண்ணில் பட்டால் ஆசிரியர் பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் போதும், அவரைத் தொடரும் மாணவர்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். 2011-இல் அந்தப் பகிர்வு வசதியைக் கூகுள் எடுத்துவிட்டது. 2013 மார்ச்சில், பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லி, ஜூலை 1-இல் ரீடரையே மூடியது. வகுப்பின் வாசிப்புப் பழக்கத்தை ஒரு நிறுவனத்தின் இலவச வசதியை நம்பிக் கட்டியிருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு.

ஆனால் மாணவர்களின் எழுத்து அதோடு போகவில்லை. ரீடர் மூடப்படும்முன், பின்தொடர்ந்த ஓடைகளின் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழியிருந்தது. அந்தக் கோப்பை ஃபீட்லி போன்ற வேறொரு திரட்டியில் ஏற்றியதும் வகுப்பின் பதிவுகள் மறுபடி வரிசைகட்டி வந்தன. அவை எப்போதும் மாணவர்களின் சொந்த இடத்தில்தான் இருந்தன.