உள்ளே வர வழி இருந்தது, திரும்பிப் போக வழி இல்லை

இன்னைக்குப் பார்க்கப் போறது அமெரிக்காவில் வலி மாத்திரைகளுக்கான ஒரு சட்டத்தோட கதை.

1970-ல் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் ரொம்பக் கறாரானது. ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரைகளைத் தயாரிக்கிற கம்பெனி, மொத்த வியாபாரி, மருந்துக் கடை, டாக்டர்னு எல்லாரும் அரசிடம் பதிவு பண்ணியிருக்கணும். சரக்கு கை மாறும்போதெல்லாம் கணக்கு எழுதணும். நோயாளிக்கு மட்டும் பதிவு தேவையில்லை. அவர் வீட்டுக்குள்ள மாத்திரை போனதும் கணக்கு முடிஞ்சுது.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும், 'மிச்சமானது எங்கே போகும்?' என்றுதான் முதலில் கேட்பேன். இந்தச் சட்டத்தில் அதற்குச் சரியான பதில் இல்லை. மாத்திரையைக் கொடுத்த மருந்துக் கடையே அதைத் திரும்ப வாங்கக் கூடாது. போலீஸிடம்தான் ஒப்படைக்கணும். புற்றுநோயில் இறந்துபோன பாட்டியோட மாத்திரையைக் கொடுக்க எத்தனை பேர் ஸ்டேஷனுக்குப் போவாங்க? அது அலமாரியிலேயே கிடக்கும்.

1996-ல் ஆக்சிகான்டின் விற்பனைக்கு வந்தது. வலி மாத்திரைச் சீட்டுகள் பெருகின, வீடுகளில் மிச்சமும் சேர்ந்தது. வலி மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அது நண்பர் அல்லது உறவினர் மூலம் கிடைத்ததாக அரசுக் கணக்கெடுப்புகளில் சொன்னார்கள்.

2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை. போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டிஇஏ, 4,000-க்கும் மேற்பட்ட இடங்களில், போலீஸ் துணையோட, மருந்துகளைத் திரும்ப வாங்கியது. நாலே மணி நேரம்தான். எல்லா வகை மருந்தும் சேர்த்து 121 டன்!

அடுத்த மாதமே அதிபர் ஒபாமா புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இறந்தவரோட மாத்திரையைக் குடும்பத்தினர் ஒப்படைக்கவும் அதில் இடம் இருந்தது. 2014-ல் வந்த விதிகளின்படி மருந்துக் கடைகளே சேகரிப்புப் பெட்டி வைக்கலாம். ஆனா கட்டாயம் இல்லை.

அதற்குள் சாவுகள் ஹெராயின் பக்கமும், பிறகு கள்ளத்தனமாகத் தயாரிக்கும் ஃபென்டனில் பக்கமும் நகர்ந்துவிட்டன. அதைப் பெட்டியால் தடுக்க முடியாது. அங்கே உயிரைக் காப்பாற்றுவது நலாக்சோன். 2023-ல்தான் அதோட மூக்கு ஸ்பிரேயைச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது.

ஆனாலும் அலமாரியில் இருக்கிற மாத்திரை ஒரு குழந்தை கைக்குப் போகாமல் தடுக்க அந்தப் பெட்டி போதும். அதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவே 40 வருஷம் ஆச்சு. அமெரிக்காவில் இருந்து கேட்கிறவங்க, இந்த வாரமே உங்க அலமாரியைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.