சேரன்மாதேவிச் சிறுவன் சொன்னான்

துடியலூரிலே, மேட்டுப்பாளையம் சாலையோரம் காலையில் நின்று பாருங்கள், தோழர்களே! கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் விரைகின்றன. பாட்டன் ஏர் பிடித்தான். தந்தை பஞ்சாலையில் நூல் பிடித்தான். பேரன் ஏடு பிடிக்கின்றான். களிப்புத் தரும் காட்சிதான். ஆனால் அந்தக் கல்விக் கூடத்துள்ளே, பிறந்த சாதியைச் சொல்லி ஒருவன் இழிக்கப்பட்டால், அடிக்கப்பட்டால், அவன் யாரிடம் சொல்வான்? சொன்னபின் என்ன நடக்கும்? இக்கேள்விக்கு நம் நாட்டிலே நூறாண்டு வரலாறு உண்டு.

1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் நடந்துவந்தது. ஐயர் எளியவரல்லர், வெள்ளையனுக்கு அஞ்சாத வீரர், கம்பனில் தோய்ந்த புலவர். விடுதலைக்கு இளைஞரை வார்க்கும் பட்டறை என நம்பித்தான் காங்கிரசு 10,000 ரூபாய் தர இசைந்தது, 5,000 கொடுத்தும்விட்டது. அந்தப் பட்டறையிலே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி! ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அவர்களுக்கென வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான், அடிபட்டான், தந்தையிடம் வந்து சொன்னான் என்பது வழிவழியாய்ச் சொல்லப்படும் செய்தி. தண்ணீர் குடித்தது குற்றமாம்! தாகத்துக்கும் சாதி பார்த்த நாடு இது.

தந்தை என்ன செய்தார்? "பெரியவர்களைப் பகைத்துக்கொள்ளாதே" என்று பிள்ளையின் வாயைப் பொத்தினாரா? இல்லை. ஈரோட்டு இராமசாமியாரிடம் கொண்டுபோய்ச் சொன்னார். டாக்டர் வரதராசுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' ஏட்டிலே எழுதினார். பணம் தந்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். ஐயரோ, பெற்றோருக்குத் தந்த வாக்கை மீறமாட்டேன் என்றார். இருவருக்குத் தந்த வாக்குப் பெரிது, ஏனையோரின் மானம் சிறிது! இதைத்தான் நாம் இன்றும் பொறுக்க முடியாதிருக்கின்றோம்.

1925 ஏப்ரலில் திருச்சியில் தமிழ்நாடு காங்கிரசுக் குழு கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் கொணர்ந்த தீர்மானம் 19க்கு 7 என நிறைவேறியது. இராசாசி உள்ளிட்ட சிலர் குழுவினின்று விலகினர். சூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர் நீத்தார். அத்துயரை நாம் மறுப்பதற்கில்லை. நவம்பரில், வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்ட காஞ்சி மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார்.

ஒரு சிறுவனின் முறையீடு நாட்டையே உலுக்கியது. அது அன்று.

2023 ஆகத்து. அதே நெல்லை மாவட்டம், ஊர் நாங்குநேரி. சாதியின் பெயரால் உடன்பயிலும் மாணவர் துன்புறுத்துவதைப் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் பள்ளியில் சொன்னார். அதன்பின் அவர் வீட்டுக்குள் அரிவாள் புகுந்தது. தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். சேரன்மாதேவிச் சிறுவன் அடிபட்டபின் சொன்னான். நாங்குநேரி மாணவரோ சொன்னபின் வெட்டுப்பட்டார். வரலாறு முன்னே நடந்ததா, பின்னே நடந்ததா? நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து 2024 சூனில் அறிக்கை அளித்தது.

சென்னைச் சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12 அன்று மாணவர் மாணவரை அடித்து வீழ்த்தினர். அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரி. சுவரொட்டியில் அப்பெயர் விடப்பட்டதே பூசலுக்கு வித்து. காவலர் கைகட்டி நின்றதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது.

சட்டமா இல்லை? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியருக்கே சிறை என்கின்றது. கல்லூரிதோறும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? பேருந்தில் செல்லும் தம்பி, தங்கையரே, நாளைக்கே கேளுங்கள். தீங்கு நேர்ந்தால் நாள், நேரம், இடம், சொன்ன சொல், கண்டவர் பெயர் அனைத்தையும் அன்றே எழுதுங்கள். கல்லூரியில் கொடுத்தால் படியொன்றில் ஒப்புகைக் கையெழுத்துப் பெறுங்கள். காவல் நிலையத்தார் வாங்க மறுத்தால் மேலதிகாரிக்கு விரைவஞ்சலில் அனுப்புங்கள். தனியே போகாதீர்கள்; நால்வராய்ப் போங்கள்.