கொள்ளைநோயும் எங்கள் மணியும்

2020 மார்ச் கடைசியிலிருந்து மே 10 வரை, மருங்காபுரி என்ற பெயரை நாள்தோறும் மூன்று தடவை என் கையால் எழுதினேன். வீட்டை விட்டு இறங்க வேண்டுமானால் ஒரு தாள் வேண்டும். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரி, போகிற காரணம், கிளம்பிய நேரம், கையெழுத்து. அத்தெஸ்தாசியோன் என்று அதற்குப் பெயர். பிரிண்டர் இல்லாதவர்கள் வெள்ளைத்தாளில் முழுவதையும் கையாலேயே எழுதலாம் என்று அரசு சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் பிரிண்டர் இல்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி முதல் போனிலேயே நிரப்பலாம் என்றார்கள். நான் தாளை விடவில்லை. துவரங்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயரைப் பாரிசுக்கு வடகிழக்கே பொபினியில் உட்கார்ந்து எழுதுவது, அந்த நாட்களில் ஊருக்கே ஒரு எட்டுப் போய்வந்த மாதிரி இருந்தது.

காரணங்களின் பட்டியலில் ஐந்தாவது எங்களுக்கு உரியது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், உடற்பயிற்சிக்கோ வளர்ப்புப் பிராணியின் தேவைக்கோ போகலாம். மீறினால் 135 யூரோ அபராதம். பூங்காக்களைப் பூட்டிவிட்டார்கள். கால்வாய்க் கரையையும் அடைத்துவிட்டார்கள். எங்கள் நாய் மணிக்கும் எனக்கும் மிச்சமிருந்தது நாலு தெரு, ஒரு மருந்துக்கடை, ஒரு பள்ளிக்கூடத்து மதில்.

மார்ச் 17 மதியம் 12 மணிக்கு பிரான்ஸ் அடைபட்டது. அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். "ஏத்தா, அங்க காப்புக் கட்டிட்டாங்களாமே?" என்றுதான் கேட்டார். அடுத்த வாரம் 25-ஆம் தேதி இந்தியாவும் அடைபட்டது. மாரியம்மனான சமயபுரத்தாள் ஊர் உலகத்துக்காகப் பச்சைப் பட்டினி இருக்கும் 28 நாட்களுக்குள்ளேயே இரண்டும் நடந்தன. துள்ளு மாவு, இளநீர், பானகம் போன்றவை மட்டும் அவளுக்குப் படைக்கிற நாட்கள். அப்பா அதைத் தற்செயல் என்று நினைக்கவில்லை.

காப்புக் கட்டு என்றால் என்ன என்பதை வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து, மஞ்சள் துணியும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டிவிட்டால், ஊர்க்காரன் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. சந்தைக்குப் போனவன், சம்பந்தி வீட்டுக்குப் போனவன் எல்லாரும் இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். காப்புக் கட்டும்போது ஊரில் இருந்த விருந்தாளி, ஒன்று அப்போதே கிளம்ப வேண்டும், இல்லை விழா முடியும் வரை இருக்க வேண்டும். அம்மை கண்ட வீடு என்றால் இன்னும் கட்டுப்பாடு. வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். தாளிப்பு வாசனை வரக் கூடாது. வெளியாள் வரக் கூடாது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுப் பிள்ளை தெருவில் இறங்கக் கூடாது.

நம் முன்னோர் அன்றைக்கே ஊரடங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று 2020-இல் பலர் பேசினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. என் அப்பத்தாவுக்குக் காப்பு ஒரு வைத்திய முறை அல்ல, நேர்த்தி. அம்மன் ஊருக்குள் வந்திருக்கிறாள், வந்தவளை விட்டுவிட்டு எங்கே போவது என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் ஊரே சேர்ந்து ஓர் எல்லையை ஒப்புக்கொண்டு அதற்குள் இருந்து பழகிய பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. ஒரு கிலோமீட்டர் என்று பிரெஞ்சுப் பிரதமர் சொன்னபோது எங்கள் கட்டடத்தில் பலர் பதறினார்கள். எனக்குப் பழகிய இடத்துக்குத் திரும்பியது போல இருந்தது.

ஊரின் எல்லையில் கருப்பு இருக்கிறார். ராத்திரியில் அவர் எல்லையைச் சுற்றி வருவார், கூடவே அவர் நாய் வரும். கோயிலில் மண்ணால் செய்த குதிரைக்குப் பக்கத்தில் மண்ணால் செய்த நாய் நிற்கும். காவல் சாமி தனியாக நடப்பதில்லை.

பிரான்சில் கொள்ளைநோய்க்கும் நாய்க்கும் உள்ள உறவு வேறு மாதிரி தொடங்கியது. 1720 மே 25 அன்று, கிழக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு 'கிராண்ட் சேன் அந்துவான்' என்ற கப்பல் மார்செய்க்கு வந்தது. கப்பலில் ஏற்கெனவே ஆட்கள் செத்திருந்தார்கள். சரக்கு சந்தைக்குப் போக வேண்டிய அவசரத்தில் தடுப்புக்காவல் தளர்ந்தது. ஏறக்குறைய 90,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 40,000 பேர் வரை மாண்டார்கள். நோய் வடக்கே ஏறாமல் இருக்க அடுத்த ஆண்டு வொக்லூஸ் மலைப்பகுதியில் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அதன் மிச்சம் இன்னும் நிற்கிறது. மார்செய் நகரத்தில் நாய்களின் மேலும் பழி விழுந்தது. தெருத்தெருவாக நோயைச் சுமக்கின்றன என்று அடித்துக் கொன்றார்கள். உடல்கள் துறைமுகத்துத் தண்ணீரில் மிதந்தன. அதற்கு முன் 1665-இல் லண்டனிலும் நாய், பூனை எல்லாவற்றையும் கொல்ல உத்தரவு போட்டார்கள். எலியைப் பிடிக்கிற பூனையைக் கொன்றார்கள். எலி பெருகியிருக்க வேண்டும்.

நாய் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு வர 1898 ஆகிவிட்டது. அது நம் மண்ணில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் வந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பாஸ்டர் நிறுவனம் பம்பாய்க்கு அனுப்பியது. அங்கே பிளேக் பரவிக்கொண்டிருந்தது. அதற்காக 1897-இல் ஆங்கிலேயர் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இலும் இந்திய மாநிலங்கள் கையில் எடுத்தன. சிமோன் 1898 ஜூனில் கராச்சியில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நோய் கண்ட எலியை, அதன் தெள்ளுப்பூச்சிகளோடு விட்டார். அது சாகக் கிடந்தது. நல்ல எலி ஒன்றைச் சின்னக் கூண்டில் வைத்து, அந்த எலியைத் தொட முடியாதபடி ஜாடிக்குள் தொங்கவிட்டார். முதல் எலி செத்த பின், சில நாளில் இதுவும் பிளேக்கில் செத்தது. இரண்டுக்கும் நடுவே தாண்டிப் போகக் கூடியது தெள்ளு மட்டும்தான். உலகம் அவரை உடனே நம்பவில்லை, பல ஆண்டுகள் சந்தேகப்பட்டது. மார்செய்த் துறைமுகத்தில் மிதந்த நாய்களை நினைக்கும்போதெல்லாம் அந்த ஜாடியும் எனக்கு நினைவுக்கு வரும்.

நாய்மேல் நிஜமாகவே பயப்பட வேண்டிய நோய் வெறிநோய். அதையும் பாரிஸ்தான் அடக்கியது. அதற்குச் சற்று முன், 1870-71 முற்றுகையில் பட்டினி கிடந்த அதே பாரிஸ் மக்கள் நாயையும் பூனையையும் தின்றார்கள். 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்தர் என்ற சிறுவனுக்கு லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடி ஊசி போட வைத்தார். 1899-இல் பாரிஸை ஒட்டிய அனியேரில் நாய்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் திறந்தது. முப்பது ஆண்டுக்குள் இத்தனை மாற்றம். தமிழ்நாட்டில் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்கள். அந்த ஊசியின் பெயரைச் சொன்னாலே அழுகையை நிறுத்துவோம்.

மணி பிரான்சுக்கு வந்ததும் இந்த ஊசியின் வழியாகத்தான். துவரங்குறிச்சி சாலையோரத்தில் அப்பா எடுத்து வந்த நாட்டு நாய். செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடிந்திருக்கும். நான் ஊருக்குப் போயிருந்தபோது காலைச் சுற்றியே கிடந்தது, விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. இந்தியாவிலிருந்து நாயை ஐரோப்பாவுக்குள் கொண்டுவர முதலில் தோலுக்கு அடியில் சிப். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு அரை யூனிட்டுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் அப்பாதான் பார்த்துக்கொண்டார். காரைக்காலில் பிறந்த என் கணவரின் தாத்தா ஒரு சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். "எங்க தாத்தாவுக்குக்கூட இத்தனை காகிதம் கேட்கல" என்று என் கணவர் அப்போது வியந்து சொன்னார்.

வாடகை வீட்டில் நாய் வைத்துக்கொள்ளலாமா என்ற பயம் எனக்கு இருந்தது. 1970-இலிருந்தே வீட்டுக்காரர் அதைத் தடுக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித் தெரிந்தது.

2020 ஏப்ரல் எங்கள் பக்கம் மிக மோசமாக இருந்தது. பொபினி இருக்கும் சேன் சேன் தெனி மாவட்டத்தில் அந்த வாரங்களில் சாவு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனது. கடைக்காரர், துப்புரவாளர், நர்சு, ஓட்டுநர் என்று வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் நிறைந்த மாவட்டம். என் கணவர் பேருந்து ஓட்டுகிறார். அவர் தாளில் முதல் காரணம், என் தாளில் ஐந்தாவது. அவர் வந்தால் வாசலிலேயே உடையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். அதுவரை மணியை நான் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வைத்திருப்பேன். நாயிடமிருந்து கொரோனா வரும் என்று பேச்சு கிளம்பியது. சிலர் நாயின் பாதத்தை ப்ளீச்சில் கழுவினார்கள். அது தோலைப் புண்ணாக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரித்தார்கள். நான் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் மாடிப் பெரியவரை ஒரு ராத்திரி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவருடைய கிழட்டு நாய் எங்களிடம் வந்தது. அன்று முதல் இரண்டு வாரை ஒரே கையில் பிடித்து நடந்தேன். அது ஒவ்வொரு முறையும் லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது எழுந்து நிற்கும். இரவு 8 மணிக்கு எல்லா பால்கனியிலிருந்தும் மருத்துவர்களுக்காகக் கை தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மணி குரைக்கும், கிழட்டு நாய் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரியவர் திரும்பி வரவில்லை. மே மாதம் கட்டுத் தளர்ந்த பிறகு அவர் மகள் வந்து நாயைக் கூட்டிப்போனாள். அவள் அழுததைவிட அந்த நாய் அவள் கையை மோந்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

மார்செய் நாய்களைக் கொன்ற அதே நாடு, ஏப்ரல் நடுவில், காப்பகத்துக்குப் போய் நாயோ பூனையோ தத்தெடுத்து வருவதற்கும் வெளியே போக அனுமதி தந்தது. ஆனாலும் பழைய பயம் எங்கும் போய்விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டென்மார்க் தன் பண்ணைகளிலிருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க் பிராணிகளைக் கொல்ல உத்தரவிட்டது. பிரான்சிலும் ஒரு பண்ணையில் ஆயிரம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

2022-இல் ஊருக்குப் போனோம். நாங்கள் உயிரோடு திரும்பி வந்தால் கருப்புக்கு ஒரு மண் நாய் எடுத்து வைப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். வேளாரிடம் சொல்லிப் பச்சை மண்ணில் உருவம் எழும்பியிருந்தது, இன்னும் சூளைக்குப் போகவில்லை. கருப்பு கோயில் நாய்க்கு வழக்கமாக இரண்டு காதையும் நிமிர்த்தித்தான் வைப்பாராம். அப்பா என் போனை வாங்கி, பொபினியில் மருந்துக்கடைப் பச்சை விளக்கின் கீழே நிற்கும் மணியின் படத்தை அவரிடம் காட்டினார்.

வேளார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இடது காதா, வலது காதா?" என்று கேட்டார். "இடதுங்க" என்றேன். கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்து, இடது காதின் நுனியை மெதுவாகக் கீழே மடித்தார்.