ஒருவர் படிக்க, லயம் கேட்க

பல தளங்களில் வருவதை ஓரிடத்தில் திரட்டித் தரும் இணையச் செய்தியோடை 1999இல் வந்தது. திரட்டுவதும் பகிர்வதும் இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களுக்கு அதற்கு வெகுமுன்பே பழகியவை என்பேன். ஊவாவின் பதுளைக்கு ரயில் வந்த 1924ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ இதழைத் தொடங்கினார். ஆனால் தோட்டங்களில் எழுத்தறிந்தவர்கள் சிலரே. வெளியார் நுழைவதையும் தோட்டத் துரைமார் அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் தடுத்தார்கள். அச்சில் வந்த சேதி தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தை எட்ட, படித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்பார்கள். அவர் மனைவி மீனாட்சி அம்மாளோ தொழிலாளரின் குறைகளைப் பாட்டாகக் கட்டிப் பாடியே கூட்டம் சேர்த்தார். கட்டுரை எட்டாத காதைப் பாட்டு எட்டியது.

படித்துச் சொல்பவர் தமக்கு உகந்ததைத்தானே சொல்வார், கேட்பவருக்குத் தேர்வு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் கூடிக் கேட்கும் இடத்தில் மறுகேள்வி எழும். தனியே திரையைப் பார்ப்பவருக்கு அது அரிது. அந்த மறுகேள்விக்கு முறையாக வழி செய்தது, ஊவாவை ஒட்டிய மத்திய மாகாணத்தின் கொத்மலை சமூக வானொலி. 1990களின் இறுதியில், யுனெஸ்கோ ஆதரவுடன், நேயர்கள் கடிதத்தில் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு ஒலிபரப்பிலேயே விளக்கினார்கள். எதைத் தேடுவது என்பதைக் கணினியே இல்லாத வீடுகள் தீர்மானித்தன.