பற்றியதை விடாத இடுக்கி: டிஸ்க் பிரேக்கின் மறுபக்கம்

மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நிறுத்தும் கலைக்கு அதில் ஓர் அத்தியாயம் கிடைக்கும். நிறுத்தியபின் விடுவிக்கும் கலைக்கு அடிக்குறிப்புகூடக் கிடைப்பதில்லை. ஆனால், பழைய கார் வைத்திருப்போர் பலர் அஞ்சுவது இந்த இரண்டாவதைத்தான். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடி தளராமல் இழுபடும், வட்டு கொதிக்கும், கருகல் நாற்றம் எழும்.

இந்த நோய், டிஸ்க் பிரேக் சாலைக்கு வந்த நாளிலேயே உடன் வந்தது. 1949இல் அமெரிக்காவின் கிராஸ்லி நிறுவனம் தன் சிறிய கார்களின் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பொருத்தியது. அது விமானச் சக்கரத்திற்காக உருவான அமைப்பு. ஓடுதளத்தில் சில நிமிடங்கள் உருளும் சக்கரத்திற்கு அது போதும். வட அமெரிக்கச் சாலைகளிலோ குளிர்காலத்தில் பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புநீரில் நனைந்த காலிப்பர்கள் அரிக்கப்பட்டு, பற்றிய பிடியிலேயே உறைந்துபோயின. 1950இலேயே நிறுவனம் டிரம் பிரேக்குக்குத் திரும்பிவிட்டது. 1952இல் கார் உற்பத்தியே நின்றுபோனது. அதற்குக் காரணங்கள் பல, பிரேக்கை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று.

கருத்து என்ற அளவில் டிஸ்க் பிரேக் இன்னும் பழையது. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டைகள் வட்டில் உராய்ந்து எழுப்பிய கிறீச்சொலியும், புழுதிச் சாலைகளில் அவை தேய்ந்த விரைவும் அதை முடக்கின. 1946இல் அவர் வறுமையில் இறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1953இல், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் லெ மான் பந்தயத்தை வென்றது. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகம் அந்தப் பந்தயத்தில் முதன்முதலாக எட்டப்பட்டது அன்றுதான். பிறரைவிடத் தாமதமாகப் பிரேக்கை மிதிக்க முடிந்ததே அந்த வெற்றியின் சூட்சுமம். பந்தயக் கார் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் பிரித்து மேயப்படும். அதன் காலிப்பருக்குத் துருப்பிடிக்க அவகாசமே கிடையாது. அதே பிரேக் இல்லத்தரசரின் காருக்கு வந்தபோதுதான் கதை மாறியது.

டிரம் பிரேக்கில் பட்டைகளை இழுத்துத் திரும்பவைக்க வில்கம்பிச் சுருள்கள் உண்டு. டிஸ்க் பிரேக்கில் அப்படி எதுவும் இல்லை. பின் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது எது? டன்லப் தன் தொடக்ககாலச் சாலைக் கார் காலிப்பர்களில் பிஸ்டனுக்குள் ஒரு சிறு ஊசியையும், அதைக் கவ்வும் ஒரு வளையத்தையும் வைத்தது. அழுத்தம் நீங்கியதும் அவை பிஸ்டனை ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குப் பின்னிழுக்கும். நேர்த்தியான ஏற்பாடுதான், ஆனால் ஈரம் புகுந்தால் அந்த ஊசியே முதலில் துருவேறும். பின்னர் வந்த தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது: சதுர வெட்டுடைய ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவுக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு உடன் இழுத்துக்கொள்கிறது. கசிவைத் தடுக்கும் உறுப்பே விடுவிக்கும் உறுப்பாகவும் ஆனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கோடிக்கணக்கான வாகனங்கள் அந்த மயிரிழையை நம்பியே ஓடுகின்றன.

மயிரிழையை அழிக்கச் சிறிதளவு துரு போதும். பெரும்பாலான பிரேக் திரவங்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 3 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்; 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் 140 போதும் என்று தரவிதியே விட்டுக்கொடுக்கிறது. அந்த நீர் உள்ளிருந்து அரிக்கிறது. சிட்ரோவன் நிறுவனம் தன் டி.எஸ். காரில் 1966 முதல் ஈரம் உறிஞ்சாத பச்சைநிறத் தாதுஎண்ணெய்க்கு மாறியது இந்தத் தொல்லையால்தான். 1965இல் நான்கு சக்கர டிஸ்க் பிரேக்குடன் வந்த அமெரிக்கக் கார்வெட், வார்ப்பிரும்பு உருளையின் அரிப்பால் கசிவுக்குப் பேர்போனது. உருளையைக் கடைந்து துருவேறா எஃகுக் குழலைச் செருகும் மருத்துவம் அந்தக் காருக்கென்றே ஒரு தொழிலாக வளர்ந்தது.

வெளியிலிருந்து வரும் அரிப்பு இன்னும் தந்திரமானது. பட்டை தேயத்தேய பிஸ்டன் வெளியே நீண்டு நிற்கிறது. தூசியுறை கிழிந்திருந்தால் அந்த நீண்ட பகுதி துருவேறும். புதுப் பட்டை போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். துருவேறிய பகுதி ரப்பர் வளையத்துக்குள் சென்று இறுகும். பழி புதுப் பட்டையின்மீதும் அதைப் போட்ட மெக்கானிக்கின்மீதும் விழும். இருவரும் நிரபராதிகள்.

நோயறியும் முறையில் ஒரு தருக்க அழகு உண்டு. சக்கரம் இறுகியிருக்கையில் காலிப்பரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் குற்றவாளி உள்ளே சிறைப்பட்ட அழுத்தம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ, மிதவைக் காலிப்பராயின் அதன் நகர்வு ஊசிகளோ. ஒரு பக்கப் பட்டை மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் ஊசிகளையே முதலில் ஐயுறலாம். அழுத்தம்தான் என்றால், அடுத்தமுறை இறுகும்போது ரப்பர்க் குழாய்க்கு மேலுள்ள இணைப்பைத் தளர்த்திப் பார்க்கலாம். அப்போதும் விடுபடவில்லையென்றால் குழாய் உட்புறம் வீங்கி, ஒருவழிக் கதவாக மாறியிருக்கிறது. விடுபட்டால் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் தேட வேண்டும். வெளித்தோற்றத்தில் குழாய் புதிதுபோலவே இருக்கும் என்பதால், இதைத் தவறவிட்டுக் காலிப்பரை வீணே மாற்றியவர்கள் அநேகர்.

பிஸ்டன்தான் என்றால் பிரித்தே ஆகவேண்டும். பிரேக் மிதியின் அழுத்தத்தாலேயே அதை வெளியேற்றுவது பாதுகாப்பு. காற்றழுத்தத்தில் பாயும் பிஸ்டன் விரலை நசுக்கிவிடும். பெட்ரோலும் சாதாரண கிரீஸும் கிளைக்கால் திரவத்துக்கான ரப்பரை வீங்கச் செய்யும் என்பதால் அந்தப் பக்கமே வரக்கூடாது. பிஸ்டனில் குழிகள் விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுவதே வழி. பலர் பிஸ்டனைப் பளபளப்பாக்கிவிட்டு, வளையம் அமரும் பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் படிந்த துருதான் வளையத்தைப் பின்னாலிருந்து நெருக்கிப் பிஸ்டனைப் பிடித்துவைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, உலோகம் தெரியும்வரை துடைத்தபின் புதுவளையத்தைப் பிரேக் திரவத்தில் நனைத்து விரலாலேயே அமர்த்துவார்கள். எதிர்ப்பக்கக் காலிப்பருக்கும் அதே வயதுதான். அதையும் அன்றே பிரித்துவிடுவது வழக்கம்.